செயினுக்குச் சமையல் எண்ணெய் போடலாமா?

கேள்வி: 8 அக்டோபர் 2023, இரவு 8.40

அண்ணே, வணக்கம். எங்கள் அப்பா இருபது வருடமாக அவருடைய இஎக்ஸ்5 மோட்டார் சைக்கிள் செயினுக்குச் சமையல் எண்ணெய்தான் போடுகிறார். ஒரு கிலோ பாக்கெட் 2 வெள்ளி (ரிங்கிட்) 50 காசு. கடையில் விற்கும் செயின் ஸ்பிரே 20 வெள்ளிக்கு மேல். இரண்டையும் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துக் காட்டினார். சத்தியமாகச் சொல்கிறேன், சமையல் எண்ணெய்தான் அதிகம் வழுக்குகிறது. பிறகு ஏன் எல்லாரும் போடக் கூடாது என்கிறார்கள்?

8 அக்டோபர், இரவு 8.55

போடக் கூடாது தம்பி. அவ்வளவுதான்.

8 அக்டோபர், இரவு 11.20

படுக்கப் போனவன் எழுந்து வந்து எழுதுகிறேன். ஒரே வரியில் வாத்தியார் மாதிரி அடித்து உட்கார வைத்துவிட்டேன். யோசித்துப் பார்த்தால் உன் அப்பாவின் விரல் பொய் சொல்லவில்லை.

நம் பாக்கெட் சமையல் எண்ணெய் செம்பனை எண்ணெய், அதாவது பாமாயில். செம்பனை எண்ணெயில் இருப்பது கொழுப்பு அமிலம். அதன் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு தலை, ஒரு நீண்ட வால். தலை இரும்பைப் பிடித்துக்கொள்ளும், வால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். மேட்டில் லாலான் புல் நெருக்கமாக முளைத்திருப்பதை நினைத்துக்கொள். இரண்டு இரும்பு ஒன்றோடொன்று அழுந்தும்போது முதலில் உரசிக்கொள்வது இந்தப் புல்தான். பெட்ரோலிய எண்ணெய்க்கு இப்படிப் பிடித்துக்கொள்ளும் தலை கிடையாது. அதனால்தான் அதில் மருந்து கலந்து விற்கிறார்கள். 1920களில் இதை ஆராய்ந்து 'எல்லை உயவு' (உயவு என்றால் மசகு) என்று பெயர் வைத்தவர் வில்லியம் ஹார்டி. அவர் உயிரியல் படித்தவர், இயந்திரக்காரர் இல்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது.

உன் அப்பாவுக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து ரயில் வண்டிகளின் அச்சுக்குப் போட்ட கிரீஸில் மாட்டுக் கொழுப்பும் செம்பனை எண்ணெயும்தான் சரக்கு. தகரத் தகடு உருட்டும் ஆலைகளிலும் செம்பனை எண்ணெய் வெகு காலம் ஓடியது.

ஆனாலும் போடக் கூடாது. ஏன் என்று நாளைக்கு.

9 அக்டோபர்

நாளை என்று சொன்னேன், மழை பிடித்துக்கொண்டு பட்டறையில் வேலை இல்லை. அதனால் முதலில் தாத்தா கதை.

தாத்தா தோட்டத்தில் மாட்டு வண்டி ஓட்டியவர். நான் பார்த்ததில்லை, அப்பா சொல்லித்தான் தெரியும். வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்து, ஒரு மூங்கில் குழாயில் அடைத்து வண்டிக்கு அடியில் தொங்க விட்டிருப்பாராம். வண்டி மை. கடையாணியைப் பிடுங்கி, சக்கரத்தைக் கொஞ்சம் வெளியே இழுத்து, அச்சில் மையைப் பூசித் திரும்பத் தள்ளுவது. வைக்கோல் கிடைக்காதபோது தேங்காய் மட்டைக் கரி. இந்தப் பக்கம் தேங்காய்க்குப் பஞ்சமில்லை.

அந்தக் கரி எதற்கு என்று சின்ன வயதில் கேட்டேன். 'கறுப்பா இருக்கணும்ல' என்றார் அப்பா. ஆலையில் வேலைக்குச் சேர்ந்து பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. கரி இல்லாவிட்டால் எண்ணெய் வழிந்து மண்ணில் இறங்கிவிடும். கரி அதைப் பிடித்து வைத்திருக்கிறது. கிரீஸ் என்பதே அதுதானே? ஒரு பஞ்சு, அதற்குள் எண்ணெய். இன்றைக்கு அந்தப் பஞ்சு பெரும்பாலும் லித்தியம் சோப்பு. தாத்தாவுக்குக் கரி.

விளக்கெண்ணெயைச் சாதாரணமாக நினைக்காதே. 'காஸ்ட்ரோல்' என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து 1909இல் வந்தது. முதல் உலகப் போரில் சுழல் எஞ்சின் விமானங்கள் இந்த எண்ணெயில்தான் பறந்தன. அந்தப் புகையைச் சுவாசித்து விமானிகளுக்கு வயிறு கலங்கியது என்று சொல்வார்கள். நம் பாட்டிமார் கதவைச் சாத்திவிட்டு மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றியதை அவர்கள் வானத்தில் வாங்கியிருக்கிறார்கள்.

14 அக்டோபர்

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்தில், இந்த ஊத்தான் மெலிந்தாங் வட்டாரத்தில் செம்பனை ஆலையில் 31 வருடம் ஃபிட்டராக இருந்தவன். குலையை 3 பார் நீராவியில், ஏறக்குறைய 140 டிகிரியில், ஒரு மணி நேரத்துக்கு மேல் வேக வைப்பார்கள். பிறகு பழத்தை உதிர்த்து, பிசைந்து, ஸ்குரூ பிரஸ்ஸில் பிழிவார்கள். ஒன்றையொன்று பார்த்துச் சுழலும் இரண்டு பெரிய திருகுகள், நடுவில் பழம். எண்ணெய் சல்லடை வழியாக வெளியே, நாரும் கொட்டையும் இன்னொரு பக்கமாக வெளியே.

இப்போது கவனி. அந்தத் திருகு இருப்பது எங்கே? சூடான செம்பனை எண்ணெய்க்குள். இதைவிட அதிகமாக எண்ணெய் போட முடியுமா? முழுக்க முழுக்க எண்ணெயில் முங்கிச் சுற்றும் இரும்பு. அப்படியும் அதுதான் ஆலையிலேயே அதிகம் தேயும் பாகம். இதழின் ஓரம் கத்தி மாதிரி மெலிந்துபோய்க் கழற்றுவோம். நாரில் எண்ணெய் தங்க ஆரம்பித்ததும் லேபிலிருந்து சத்தம் வரும், 'பிரஸ் என்னாச்சு?' என்று. கழற்றிய திருகில் கடினமான உலோகத்தை வெல்டிங் வைத்து ஏற்றிப் பழைய அளவுக்குக் கொண்டு வருவோம். மறுபடியும் தேயும்.

காரணம் மணல். விழுந்த பழத்தைத் தரையிலிருந்து கூட்டி அள்ளும்போது மண்ணும் சேர்ந்து வருகிறது. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் சாதாரண எஃகைவிடக் கடினம். எண்ணெய் எவ்வளவு வழுக்கினாலும் மணல் துகள் அந்த எண்ணெய்ப் படலத்தைவிடப் பல மடங்கு பெரியது. நடுவில் புகுந்து உழுதுவிட்டுப் போகும்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். எறும்பின் காலில் மணல் ஒட்டியிருந்திருக்கும்.

உன் அப்பாவின் செயினும் மண் ரோட்டில்தானே ஓடுகிறது?

15 அக்டோபர்

நேற்று இதை எழுதியதும் இரண்டு பேர் 'அப்படியானால் செயினுக்கு எண்ணெயே போடாமல் விடலாமா, மண் ஒட்டாதே' என்று கேட்டார்கள். விடலாம். ஊத்தான் மெலிந்தாங்கிலிருந்து தெலுக் இந்தான் போய்ச் சேர்வதற்குள் அது பாட ஆரம்பிக்கும்.

17 அக்டோபர்: திருத்தம்

முதல் குறிப்பில் ஒரு தப்பு. 'செம்பனை எண்ணெயில் இருப்பது கொழுப்பு அமிலம்' என்று எழுதிவிட்டேன். ஆலையிலிருந்து வரும் கச்சா எண்ணெயில் தனித்து நிற்கும் அமிலம் இருக்கும். 5 விழுக்காட்டுக்குள் இருந்தால்தான் வாங்குவார்கள். ஆனால் பாக்கெட் எண்ணெய் சுத்திகரித்தது. அதில் தனி அமிலம் 0.1 விழுக்காட்டைத் தாண்டாது. மற்றதெல்லாம் மூன்று மூன்றாகக் கிளிசரினோடு கட்டிக் கிடக்கிறது. அதற்கும் இரும்பைப் பிடிக்கும் குணம் உண்டு, ஆனால் தனி அமிலம் அளவுக்கு இல்லை. ஆக உன் அப்பா வழுக்கலைத்தான் தேடுகிறார் என்றால், சுத்திகரிக்காத எண்ணெய்தான் இன்னும் வழுக்கும். இதைப் போய் அவரிடம் சொல்லிவிடாதே.

இன்னொன்று: செயின் 'நீண்டு போச்சு' என்று நாம் எல்லாரும் சொல்கிறோம். பட்டறையில் நானும் அப்படித்தான் சொல்வேன். இரும்பு நீள்வதில்லை. ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு பின், அதைச் சுற்றிச் சின்னக் குழாய் மாதிரி ஒரு புஷ். அந்த இரண்டும் தேய்ந்து இடைவெளி விழுகிறது. ஒரு இணைப்பில் கண்ணுக்குத் தெரியாது. நூறு இணைப்பில் சேர்ந்தால் செயின் தொங்குகிறது. 428 செயினில் ஒரு இணைப்பு 12.7 மி.மீ. புதுச் செயினில் 20 இணைப்பை இழுத்துப் பிடித்து அளந்தால் 254 மி.மீ. அது 259ஐத் தொட்டால் மாற்றிவிடு. பல் சக்கரத்தையும் சேர்த்து.

அளந்து பார்த்து எழுது தம்பி. விரலை நம்பாதே, ஸ்கேலை நம்பு.

29 அக்டோபர்

ஒருவர் தனியாகக் கேட்டது: கப்சாய்க்கு (இஎக்ஸ்5 மாதிரிச் சின்ன மோட்டார் சைக்கிள்) அகலமான டயர் போட்டால் பிடிப்பு கூடுமா?

பள்ளிக்கூடப் பாடப்படி பிடிப்பு அதிகமாகாது. உராய்வு அழுத்தும் சுமையைப் பொறுத்தது, தொடும் பரப்பைப் பொறுத்ததில்லை. 1699இல் பிரான்சில் அமோந்தோன் சொன்னது. அவருக்கு இருநூறு வருடம் முன்பே லியொனார்டோ டா வின்சி நோட்டில் எழுதி வைத்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார்.

பரப்பு ஏன் கணக்கில் வருவதில்லை? இரண்டு பலாப்பழத்தை ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார். தொடுவது முள் முனைகள் மட்டும்தான். கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் இரும்பும் உருப்பெருக்கியில் அப்படித்தான் இருக்கும். அழுத்தினால் முனைகள் நசுங்கி, இன்னும் கொஞ்சம் முனைகள் தொடும். உண்மையில் தொடும் இடம் சுமையோடு சேர்ந்து வளர்கிறது. வெளியே தெரியும் பரப்பு சும்மா வேடிக்கை பார்க்கிறது. இதைத் தெளிவாகக் காட்டியவர்கள் கேம்பிரிட்ஜில் பௌடனும் டேபரும்.

இங்கேதான் ரப்பர் வந்து எல்லாவற்றையும் கெடுக்கிறது. ரப்பர் முள்ளில்லாத பழம். குழைந்து பள்ளத்திலெல்லாம் புகுந்துகொள்ளும். சுமையை இரட்டிப்பாக்கினால் உராய்வு இரட்டிப்பாவதில்லை. அமோந்தோன் விதி டயருக்கு அப்படியே பொருந்தாது. ஆகவே கேள்விக்குப் பதில்: காய்ந்த ரோட்டில் கொஞ்சம் கூடலாம். மழை ரோட்டில் அகல டயர் தண்ணீரின் மேல் மிதக்கப் பார்க்கும். அதோடு உன் கப்சாய்க்கு அது அசிங்கமாக இருக்கும்.

ரப்பர் என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1971இல் ஷல்லமாக் என்பவர் ரப்பர் கண்ணாடி மேல் எப்படி நகர்கிறது என்று கண்ணாடி வழியாகவே பார்த்தார். அது சறுக்கவே இல்லை! மெத்தை விரிப்பில் ஒரு மடிப்பு விழுந்தால் அந்த மடிப்பைத் தள்ளித் தள்ளியே விரிப்பை நகர்த்துவோமே, அதே மாதிரி ரப்பரில் சின்னச் சின்ன மடிப்புகள் அலையாக ஓடின. கம்பளிப்பூச்சி ஊர்கிற மாதிரி. இன்றைக்கும் அதற்கு ஷல்லமாக் அலை என்றுதான் பெயர். அவர் வேலை பார்த்த ஆய்வுக்கூடம் இங்கிலாந்தில் இருந்தாலும் அதை நடத்திய காசு மலாயா ரப்பர் ஏற்றுமதியில் பிடித்த வரிக்காசு. இப்போது அதன் பெயர் துன் அப்துல் ரசாக் ஆய்வு மையம்.

என் அம்மா இருட்டில் எழுந்து, நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போனவர். அந்த அலையைப் பார்க்கச் செலவான காசில் ஒரு சென்னாவது அவர் வெட்டிய பாலில் வந்திருக்கும். அவரிடம் சொன்னேன். 'அதுக்கு போனஸ் குடுத்தாங்களா?' என்று கேட்டார்.

1 நவம்பர்

சும்மா பேசிக்கொண்டிருப்பதைவிட செய்து பார்த்துவிடுவோம் என்று தோன்றியது. என் இஎக்ஸ்5க்கு இன்று புதுச் செயின் மாட்டினேன். 20 இணைப்பு, 254 மி.மீ., அளந்துவிட்டேன். இனி மூன்று மாதம் இதற்குச் சமையல் எண்ணெய் மட்டும். வாரம் ஒரு முறை. வீட்டில் கேட்காமல் பாக்கெட்டை எடுத்தேன், தெரிந்துவிட்டது.

5 நவம்பர்

நான்காவது நாளே கீச்சுக் கீச்சு. நேற்றைய மழை கழுவிவிட்டது. வாரம் ஒரு முறை என்றது போதாது, இனி மூன்று நாளைக்கு ஒரு முறை.

8 நவம்பர்

'எண்ணெய் குறைவாகப் போட்டதால்தான் சத்தம், நிறைய ஊற்றுங்கள்' என்று ஒருவர் அறிவுரை. ஐயா, நிறையப் போட்டு நான் பட்ட அவமானத்தைச் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். கொதிகலன் விசிறி மோட்டாரில் 6310 நம்பர் பேரிங். கிரீஸ் போடச் சொன்னார்கள். இளரத்தம், நல்ல பெயர் வாங்க வேண்டும் என்ற ஆசை. சீல் வழியாகப் பிதுங்கி வரும்வரை பம்ப் அடித்தேன். அன்று மாலையே பேரிங் கூடு கை வைக்க முடியாத சூடு. மறுநாள் அலறியது. கழற்றிப் பார்த்தால் கிரீஸ் உருகி, எண்ணெய் தனியாகச் சோப்பு தனியாகப் பிரிந்து, பாதி மோட்டாருக்குள் போயிருந்தது. சீனப் போர்மன் என்னைத் திட்டவில்லை. ஒரு தட்டு நிறையக் கெட்டிக் கஞ்சி வாங்கிக் கொடுத்து, கரண்டியால் வேகமாகக் கலக்கச் சொன்னார். கை வலித்ததும், 'பேரிங்குக்கும் அப்படித்தான்' என்றார்.

உருளும் குண்டுகள் அந்தக் கிரீஸைக் கலக்கிக் கலக்கியே சூடாகின்றன. அந்தக் கிரீஸ் ஒதுங்க இடம் வேண்டும். கூட்டுக்குள் இருக்கும் காலி இடத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை நிரப்பினால் போதும். திரும்பப் போடும் அளவுக்கு ஒரு கணக்கும் உண்டு: பேரிங்கின் வெளி விட்டத்தை அகலத்தால் பெருக்கி, 0.005ஆல் பெருக்கு. 6310க்கு 110 மி.மீ., 27 மி.மீ. வருவது 14.85 கிராம். பதினைந்து என்று வை. என் கிரீஸ் கன்னை வீட்டுத் தராசில் அடித்துப் பார்த்தேன், பத்துப் பம்புக்கு 12 கிராம். ஆக 12 பம்ப் போதும். நான் அன்று அடித்தது ஐம்பதுக்குக் குறையாது.

(தராசும் இப்போது பட்டறைக்கு வந்துவிட்டது. கிரீஸ் பட்டதை அடுப்படிக்குள் விட மாட்டேன் என்று உத்தரவு.)

13 நவம்பர்

தீபாவளி நேற்று. இன்று அடுப்பைச் சுத்தம் செய்யும் வேலை எனக்கு விழுந்தது. பாக்கெட் எண்ணெய் எடுத்ததற்குத் தண்டனை.

ஒரு வாரம் முறுக்கு, அதிரசம். அடுப்பைச் சுற்றியும் சுவரிலும் தெறித்த எண்ணெய் மஞ்சளாக, பிசுபிசுவென்று, நகத்தால் சுரண்டினாலும் வராத அரக்கு மாதிரி ஆகியிருந்தது. தேய்த்துக்கொண்டே இருக்கும்போதுதான் தோன்றியது: கேள்விக்குப் பதில் இங்கே சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறதே!

சமையல் எண்ணெயின் கொழுப்பில் ஏறக்குறைய பாதிக்கு இரட்டைப் பிணைப்பு உண்டு. காற்றில் இருக்கும் ஆக்சிஜன் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு மூலக்கூறை இன்னொன்றோடு தைத்துவிடுகிறது. சூடு இருந்தால் வேகமாக, வெயிலில் மெதுவாக. வழுக்கியது பசையாகிறது. அந்தப் பசையில் லேட்டரைட் செம்மண் தூசு ஒட்டினால்? நான் மேலே சொன்ன ஸ்குரூ பிரஸ்தான். அதையே சின்னதாகச் செய்து செயினில் மாட்டியிருக்கிறோம்.

இரண்டாவது காரணம் கெட்டி. நான் வழக்கமாகச் செயினுக்குப் போடும் 90 நம்பர் கியர் எண்ணெய் 40 டிகிரியில் சமையல் எண்ணெயைவிட நான்கைந்து மடங்கு கெட்டி. மெல்லிய எண்ணெய் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவிலிருந்து ஓடிவிடும், சக்கரத்தில் தெறிக்கும், மழை கழுவும். இது நான்காவது நாளே தெரிந்துவிட்டது.

19 நவம்பர்

டபிள்யூடி-40 பற்றிக் கேட்டவருக்கு: அந்தப் பெயரின் பொருளே 'தண்ணீரை விரட்டுவது, 40ஆவது முயற்சி'. 1953இல் செய்தது. துருப்பிடித்த போல்ட்டுக்கு நல்லது. அதை அடித்துவிட்டுச் செயினுக்கு எண்ணெய் போட்டாயிற்று என்று நினைப்பது, முகம் கழுவிவிட்டுப் பசியாறிவிட்டேன் என்பது மாதிரி.

3 டிசம்பர்

இது வேறு கதை. பக்கத்துத் தாமான் (குடியிருப்பு) பையன், கப்சாயைத் தள்ளிக்கொண்டு வந்தான். எஞ்சின் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. யாரோ இலவசமாகக் கொடுத்த கார் எண்ணெயை ஊற்றியிருக்கிறான். 'விலை கூடின எண்ணெய் அங்கிள், ரொம்ப ஸ்மூத்' என்றான்.

பிரச்சினையே அந்த ஸ்மூத்தான். காருக்குக் கிளட்ச் எண்ணெய்க்கு வெளியே. கப்சாய்க்குக் கிளட்ச் தட்டு எஞ்சின் எண்ணெயிலேயே ஊறிக் கிடக்கிறது. அங்கே தட்டுகள் ஒன்றையொன்று பிடிக்க வேண்டும். கார் எண்ணெயில் வழுக்கலுக்குப் போட்ட மருந்து அந்தப் பிடிப்பைத் தின்றுவிடும். இதற்காகவே 1998இல் ஜப்பானியர்கள் ஜாசோ தரம் ஒன்று கொண்டு வந்தார்கள். போத்தலில் 'எம்ஏ' என்று போட்டிருந்தால் இந்த மாதிரிக் கிளட்ச்சுக்கு ஆகும். எண்ணெயை மாற்றி இரண்டு முறை கழுவினேன், பிழைத்துக்கொண்டது.

அம்மி நினைவுக்கு வருகிறது. அரைத்து அரைத்து வழவழப்பாகிவிட்டால் மிளகாய் அரைபடாது, சறுக்கும். தோட்டத்தில் அப்போது உளியோடு ஒருவர் வந்து லயம் லயமாகக் கொத்திக் கொடுப்பார். தேய்ந்ததை மறுபடி சொரசொரப்பாக்கக் கூலி கொடுத்தோம். இப்போது எல்லா வீட்டிலும் மிக்சி. அம்மி கல்யாணத்துக்கு மட்டும், அதுவும் மிதிக்க.

20 டிசம்பர்

எண்ணெயால் இரும்பு இரும்பைத் தொடாமல் மிதக்க முடியும் என்று சொன்னதை ஒருவர் நம்பவில்லை. 1883இல் டவர் என்ற இங்கிலாந்துப் பொறியாளரும் எதிர்பார்க்கவில்லை. ரயில் அச்சுப் பேரிங்கை ஆராய்ந்துகொண்டிருந்தவர், எண்ணெய் ஊற்றுவதற்காக மேல் பக்கம் ஒரு துளை போட்டார். உள்ளே போக வேண்டிய எண்ணெய் அந்தத் துளை வழியாக வெளியே வந்தது. தக்கை வைத்து அடைத்தார். தள்ளிக்கொண்டு வந்தது. மரக்கட்டை அடித்தார். அதுவும் வந்தது. கடைசியில் அழுத்தமானி மாட்டினால் முள் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டைத் தாண்டிப் போனது. சுழலும் அச்சு தானே எண்ணெயை ஆப்பு மாதிரி இடையில் இழுத்துவிட, மேலே இருந்த பேரிங் அந்த எண்ணெயில் மிதந்துகொண்டிருந்தது! மூன்று வருடம் கழித்து ரெய்னால்ட்ஸ் அதற்குக் கணக்குப் போட்டார்.

ஆனால் செயினில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. பின் முழுச் சுற்றுச் சுற்றுவதில்லை, பல்லில் ஏறும்போதும் இறங்கும்போதும் கொஞ்சம் மடங்கி நிமிர்கிறது. ஆப்பு உருவாக நேரமில்லை. அதனால்தான் செயினுக்கு எப்போதும் தேய்மானம்.

14 ஜனவரி 2024

அம்மாவுக்கு முட்டி வலி. மருத்துவமனைக்குக் கூட்டிப் போய்க் காத்திருந்த நான்கு மணி நேரத்தில் இதைத்தான் யோசித்தேன்.

1950களின் கடைசியில் சார்ன்லி என்ற இங்கிலாந்து அறுவை மருத்துவர் செயற்கை இடுப்பு மூட்டு செய்தார். இருப்பதிலேயே வழுக்கும் பொருள் எது? டெஃப்லான். சட்டியில் ஒட்டாமல் இருக்கப் பூசுகிறார்களே, அதுதான். அந்தக் கிண்ணத்தில் உலோகக் குண்டு பொருத்தினார். முதலில் எல்லாருக்கும் சந்தோஷம், நோயாளிகள் நடந்தார்கள். இரண்டு மூன்று வருடத்தில் கிண்ணம் தேய்ந்து போயிற்று. அந்தத் தூள் போய்ச் சுற்றியிருந்த சதையையும் கெடுத்தது. 1962இல் அவர் பாலிஎத்திலீன் என்ற கெட்டியான வேறு ஒரு பிளாஸ்டிக்குக்கு மாறினார். அது டெஃப்லானைவிடக் குறைவாகத்தான் வழுக்கும். ஆனால் தேயாமல் நின்றது.

வழுக்குவது வேறு, தேய்வது வேறு. இத்தனை வருடம் ஆலையில் குப்பை கொட்டியும் இதை நான் இவ்வளவு தெளிவாகச் சொல்லிப் பார்த்ததில்லை. தம்பி, உன் அப்பாவின் விரல் வழுக்கலைச் சரியாகத்தான் அளந்தது. செயின் கேட்பது அதை இல்லை. 1966இல் ஜோஸ்ட் குழு பிரிட்டிஷ் அரசாங்கத்துக்குக் கொடுத்த அறிக்கையில்தான் டிரைபாலஜி, உராய்வியல், என்ற பெயரே வந்தது. உராய்வு, தேய்மானம், மசகு மூன்றையும் ஒரே கூரைக்கு அடியில் கொண்டுவந்து வைத்தார்கள். ஒரு கூரைதான், ஆனால் மூன்று பேரும் ஒரே ஆள் இல்லை.

அம்மாவுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். 'கிரீஸ் போட மாட்டாங்களா?' என்றார்.

26 ஜனவரி

நேற்று தைப்பூசம். எங்கள் கோயில் ரதம் சின்னது, மரச் சக்கரம். கிளப்பத்தான் பாடு. இருபது பேர் இழுத்தும் அசையாது. அசைந்துவிட்டால் எட்டுப் பேர் போதும். நிற்கும் பொருளின் உராய்வு ஓடும் பொருளைவிட அதிகம். இறக்கத்தில் முட்டுக்கட்டை போட ஒரு பெரியவர் கூடவே நடந்தார். ஊர்க் கூட்டத்தில் யாரையாவது 'முட்டுக்கட்டை' என்று திட்டும்போது அவரை நினைத்துக்கொள்கிறேன். அவர் இல்லாவிட்டால் ரதம் கடைத்தெருவில் போய்த்தான் நிற்கும்.

காவடி எடுப்பவர்கள் கால் சுடாமல் இருக்க வழி நெடுக வாளியில் தண்ணீர் ஊற்றினோம். எகிப்தில் ஜெகுதிகோதெப் என்பவரின் கல்லறையில் ஒரு ஓவியம் உண்டு, ஏறக்குறைய 3,900 வருடம் பழையது. பெரிய சிலையைச் சறுக்குக் கட்டையில் வைத்து இழுக்கிறார்கள். முன்னால் ஒருவர் நின்று மணலில் தண்ணீர் ஊற்றுகிறார். ஏதோ சடங்கு என்றுதான் வெகு காலம் நினைத்தார்கள். 2014இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் மணலை நனைத்து இழுத்துப் பார்த்தார்கள். அளவாக நனைத்தால் இழுக்கும் பலம் பாதியாகக் குறைந்தது. ஈரமணல் கெட்டியாகி, கட்டைக்கு முன்னால் குவியாமல் இருக்கிறது. அதிகம் ஊற்றினால் பலன் போய்விடும்.

கிரீஸ், தண்ணீர், எல்லாவற்றுக்கும் இந்த அளவுதான் தொல்லை.

1 பிப்ரவரி

மூன்று மாதம் முடிந்தது. செயினை மண்ணெண்ணெயில் கழுவி, தொங்கவிட்டு அளந்தேன். 20 இணைப்பு 256.5 மி.மீ. பழைய நோட்டைப் புரட்டினேன்; போன செயினுக்கு 90 நம்பர் கியர் எண்ணெய் போட்டு மூன்று மாதத்தில் 255. ஒரு செயின், ஒரு மழைக்காலம். இதை வைத்துக்கொண்டு நான் அறிக்கை எழுதப் போவதில்லை. அதோடு இந்த முறை மழை அதிகம், தைப்பூசத்துக்குச் சாமான் ஏற்றி அலைந்ததும் நான்தான். ஆனால் கழுவும்போது வந்த அழுக்கைப் பார்த்தேன்: கறுப்பாக, விரலில் ஒட்டினால் போகாத பிசின், நடுவில் நறநறவென்று மணல். தீபாவளி அடுப்புதான்.

4 பிப்ரவரி: தம்பியிடமிருந்து

அண்ணே, அப்பா செயினை அளந்தேன். 261. அதைக் காட்டி, 'இருபது வருடமாக இதே செயினா ஓடுகிறது?' என்று கேட்டேன். 'எண்ணெயைத்தான்டா மாத்தினதில்ல. செயின் வருசா வருசம் மாத்துவேன்' என்றார்.

4 பிப்ரவரி, இரவு

இருபது செயின்! தம்பி, இதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். நானும் கேட்கவில்லை.

நாளைக்கு அவரைப் பட்டறைக்குக் கூட்டி வா. ஒரு போத்தல் 90 நம்பர் கியர் எண்ணெய் வாங்கி வைத்திருக்கிறேன். உள் பக்கமாக, பல் சக்கரத்துக்கு மேலே, இணைப்புக்கு ஒரு சொட்டு. பிறகு பழைய துணியால் வெளியே இருப்பதைத் துடைத்துவிட வேண்டும். தேய்வது உள்ளே, வெளியே மினுமினுப்பாக இருப்பது தூசு பிடிக்கத்தான்.

5 பிப்ரவரி

வந்தார். கியர் எண்ணெயை இரண்டு விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். 'இது ஒட்டுதே' என்றார். ஆமாம் ஐயா, ஒட்டத்தான் வேண்டும் என்றேன். இன்னொரு முறை தேய்த்துப் பார்த்தார். செயினை மாட்டும்வரை ஒன்றும் பேசவில்லை.

மீதி இருந்த அரைப் பாக்கெட் எண்ணெயை வீட்டில் திருப்பிக் கேட்டார்கள். கிரீஸ் கை பட்டதென்று வாங்கவில்லை. பட்டறைக் கதவுக் கீலுக்குப் போட்டிருக்கிறேன். இதுவரை சத்தமில்லை.